மேல் தட்டுப் பொருள் கீழே விழும் முன்: கடை அலமாரிகளுக்கு அறிகுறிவாரியான பிழை நீக்கும் வழிமுறை

2 கிலோ எடையுள்ள ஒரு பெயின்ட் டப்பா 3 மீட்டர் உயரத் தட்டின் விளிம்பிலிருந்து நழுவுகிறது. கீழே நிற்பவரின் தலை சுமார் 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டப்பா அந்தத் தலையை அடைய அரை நொடியைவிடச் சற்றே கூடுதலான நேரம் போதும். அப்போது அதன் வேகம் மணிக்கு 19 கிலோமீட்டர். யாராவது பார்த்துவிட்டு "தள்ளி நில்லுங்கள்!" என்று கத்தினாலும், அந்தச் சொல் முழுதாக வாயிலிருந்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். சத்தம் கேட்டு அண்ணாந்து பார்ப்பவருக்கு அடி முகத்தில் விழும்.

ஆகவே விழத் தொடங்கிவிட்ட பொருளிடமிருந்து யாரையும் காப்பாற்ற முடியாது. அதற்கு முந்தைய நாட்களில்தான் முடியும். கடைகளின் சரக்குப் பகுதிகளில் பல ஆண்டுகள் வேலை பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்: மேல் தட்டிலிருந்து ஒரு பொருள் முன்னறிவிப்பே இல்லாமல் விழுந்ததை நான் கண்டது மிகவும் அரிது. பொருள் ஒரு விரற்கடை முன்னே வந்திருக்கும். தட்டு லேசாகத் தொய்ந்திருக்கும். பூட்டுப் பின் ஒன்று காணாமல் போயிருக்கும். அடித்தட்டின் விளிம்பில் செருப்புத் தடம் பதிந்திருக்கும். நாம்தான் கவனித்திருக்க மாட்டோம். உங்கள் கடையில் எந்த அறிகுறி தென்படுகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம். அடுத்து வரும் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது

ஆட்களை விலக்குங்கள். அலமாரியின் இரு பக்கத்து நடைவழிகளிலிருந்தும் விலக்குங்கள். "ஒரு நிமிடம்தானே, நான் கையால் தாங்கிக்கொள்கிறேன், நீ சரிசெய்" என்று யாரும் அலமாரிக்கு அடியில் போய் நிற்கக் கூடாது. சாயும் பொருளைக் கை நீட்டிப் பிடிக்கப் போகக் கூடாது. உடைந்த சரக்கை மறுபடி வாங்கலாம் என்பதைக் கடையில் உள்ள கடைசி ஊழியர்வரை, வாயால் சொல்லி, மனதில் பதிய வைக்க வேண்டும். பலர் சரக்கைக் காப்பாற்றப் போய்த்தான் அடிபடுகிறார்கள்; உடைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்ற பயம் அதற்கு ஒரு காரணம். அந்தப் பயம் உங்கள் கடையில் இருக்குமானால், கீழே உள்ள எந்தத் திருத்தத்துக்கும் முன்னால் அதைப் போக்குங்கள்.

சோதனைக்கு அதிகக் கருவிகள் வேண்டாம். அளவு டேப், சிறிய ரசமட்டம், ஒரு நட்டைக் கட்டிய நீளமான நூல், டார்ச், சாக்பீஸ், நல்ல ஏணி. இவை போதும்.

அறிகுறி: காலையில் கடையைத் திறக்கும்போது தரையில் பொருள் கிடக்கிறது

எல்லா அறிகுறிகளிலும் இதைத்தான் நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன். ஆனால் இதைத்தான் பெரும்பாலான கடைகளில் குனிந்து எடுத்து, தூசி தட்டி, அதே இடத்தில் திரும்ப வைத்துவிட்டு மறந்துபோகிறார்கள். இரவில் ஆளில்லாத நேரத்தில் விழுந்த பொருள், பகலில் ஆள் நிற்கும்போதும் விழக்கூடிய பொருள்தான்.

எடுத்து வைப்பதற்கு முன் ஒரு புகைப்படம் எடுங்கள். பிறகு ஏணி போட்டு ஏறி, அது இருந்த இடத்தைப் பாருங்கள்.

முதல் சந்தேகம் தட்டின் சரிவு. ரசமட்டத்தைத் தட்டின் மீது முன்பின்னாக வையுங்கள், நீளவாக்கில் வைத்தால் இது தெரியாது. முன்விளிம்பு சில மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தாலே வழவழப்பான பூச்சுள்ள தட்டில் பிளாஸ்டிக் டப்பாக்கள் மெல்ல மெல்ல முன்னேறும். தாங்கு கொக்கிகள் தூணின் துளைகளில் முழுதாக உட்காராததே பெரும்பாலும் இதற்குக் காரணம். தட்டைக் காலி செய்து, கழற்றி, கொக்கி துளைக்குள் இறங்கும் 'டக்' என்ற சத்தம் கேட்கும்படி மறுபடி மாட்டுங்கள்.

தட்டு மட்டமாக இருக்கிறது, ஆனாலும் பொருள் விழுகிறது என்றால், அதிர்வு. கதவு அறைந்து மூடுவது, தட்டின் பின்னால் ஓடும் குளிர்சாதன இயந்திரம், பக்கத்தில் போகும் தள்ளுவண்டி, எல்லாமே பொருளை இம்மி இம்மியாக நகர்த்தும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. தட்டின் மேல், பொருளின் முன் விளிம்பையொட்டி ஒரு சாக்பீஸ் கோடு போடுங்கள். மூன்று நாள் கழித்துப் பாருங்கள். கோட்டைத் தாண்டி வந்திருந்தால் அதிர்வுதான் என்று வைத்துக்கொண்டு, ரப்பர் விரிப்புப் போட்டு, முன்விளிம்பில் தடுப்புப் பட்டை பொருத்துங்கள். பட்டை, பொருளின் உயரத்தில் கால் பங்காவது இருப்பது நல்லது. உருளை வடிவப் பொருட்களுக்கு, குழாய்கள், சுருட்டிய பாய்கள், பிளாஸ்டிக் சுருள்கள் போன்றவற்றுக்கு, பட்டை போதாது. படுக்க வைத்தால் இரு பக்கமும் அண்டை கொடுக்க வேண்டும், நிற்க வைத்தால் சங்கிலியோ கம்பியோ குறுக்கே போட வேண்டும். அவற்றை மேல் தட்டிலிருந்து இறக்கிவிடுவது இன்னும் நல்லது.

கோடு நகரவே இல்லை, ஆனால் பொருள் மட்டும் விழுகிறது என்றால் எலிகளைச் சந்தேகியுங்கள். பெட்டியின் கீழ் மூலையைக் கொறித்திருக்கும், தட்டின் பின்புறம் புழுக்கை கிடக்கும். எலி ஓடித் தட்டிவிடும் எடை குறைந்த பொருளைவிட, எலி மூலையைக் கொறித்ததால் வலுவிழந்து சரியும் கனமான பெட்டிதான் ஆபத்து.

மின்விசிறியோ குளிர்காற்றுத் துவாரமோ நேராக எதிரே இருந்தால் எடை குறைந்த, அகலமான பொருட்கள் பறந்து விழும். இது உடனே தெரிந்துவிடும்.

அறிகுறி: ஒரு பக்கம் சரக்கு அடுக்கும்போது மறுபக்க நடைவழியில் பொருள் விழுகிறது

முதுகோடு முதுகாக இரண்டு அலமாரிகள் நிற்கும் இடங்களில் வரும் ஆபத்து இது. கடைகளில் நேரும் விபத்துகளில் மிகவும் கொடுமையானது என்றும் சொல்வேன். ஏனென்றால் தள்ளியவருக்குத் தான் தள்ளியது தெரியாது. அடிபட்டவருக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

நானே ஒருமுறை தள்ளியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. உயரத்தில் நின்று ஒரு பெட்டியை உள்ளே நுழைக்கிறேன், அது பாதியில் நின்றது. உள்ளங்கையால் அழுத்தித் தள்ளினேன், வழிவிட்டது. மறுபக்கம் தரையில் ஏதோ மோதிய சத்தமும், ஒரு பெண்ணின் அலறலும் ஒன்றாகக் கேட்டன. இறங்கி ஓடிப் பார்த்தேன். அந்த அம்மாவின் தள்ளுவண்டிக்கு ஒரு முழத் தூரத்தில் பெட்டி பிளந்து கிடந்தது. வண்டியில் குழந்தை உட்கார்ந்திருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் உள்ளே போக மறுக்கும் பெட்டியை அழுத்தித் தள்ளும் பழக்கம் அன்றோடு என்னிடமிருந்து போயிற்று. இப்போது யாராவது அப்படித் தள்ளுவதைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது.

சோதனை: மேல் தட்டில் டார்ச் அடித்துப் பின்பக்கம் பாருங்கள். மறுபக்க வெளிச்சம் தெரிகிறதா? தெரிந்தால் அங்கே தடுப்பு இல்லை. அடுத்து, தட்டின் ஆழத்தையும் பெட்டியின் நீளத்தையும் அளந்து பாருங்கள். 40 சென்டிமீட்டர் ஆழமுள்ள தட்டில் 45 சென்டிமீட்டர் பெட்டியை வைத்தால் மீதி 5 சென்டிமீட்டர் எங்காவது நீட்டிக்கொண்டுதான் ஆக வேண்டும். முன்னால் நீட்டினால் கண்ணுக்கு அசிங்கமாக இருக்கிறது என்று பின்னால் தள்ளுவார்கள்.

திருத்தம் மூன்று படிகளில். முதலாவது, இரண்டு அலமாரிகளுக்கும் நடுவே கம்பி வலை அல்லது பின்தடுப்புச் சட்டம். வலை, தட்டின் உயரத்தோடு நின்றுவிடாமல் அதன்மேல் அடுக்கப்படும் சரக்கின் உச்சிவரை போக வேண்டும். வலை பொருத்தியிருக்கிறோம் என்று சொல்லும் பல கடைகளில் அது தட்டுக்கு மேல் ஒரு சாண் உயரம்தான் இருக்கும், பெட்டிகளோ மூன்று அடுக்கு. இரண்டாவது, மேல் தட்டில் வேலை நடக்கும்போது இரு பக்க நடைவழிகளையும் அடைப்பது. வேலை நடக்கும் பக்கத்தில் மட்டும் கயிறு கட்டிவிட்டு மறுபக்கத்தைத் திறந்து வைப்பதில் பயனே இல்லை, அடி விழுவது மறுபக்கத்தில்தான். மூன்றாவது, தள்ளினால் போகாத பெட்டியை வெளியே எடுத்து, ஏன் போகவில்லை என்று பார்ப்பது. வலை பொருத்த நாளாகும் என்றால் இரண்டாவதையும் மூன்றாவதையும் இன்றே தொடங்குங்கள்.

அறிகுறி: தட்டின் நடுப்பகுதி தொய்ந்திருக்கிறது

கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். நூலை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுத்துப் பிடித்து, நடுவில் நூலுக்கும் தட்டுக்கும் இடையே எவ்வளவு என்று அளக்கவும். கிடங்குகளில் உள்ள எஃகு ரேக்குகளின் குறுக்குச் சட்டங்களுக்கு ஐரோப்பியத் தரநிலை வைத்திருக்கும் வரம்பு, நீளத்தில் 200-ல் ஒரு பங்கு. 2.4 மீட்டர் சட்டம் என்றால் 12 மில்லிமீட்டர். அதற்கு மேல் தொய்ந்தால் சுமை கூடுதல், அல்லது சட்டம் கெட்டுவிட்டது. இரண்டில் எது என்று அறிய, சரக்கை இறக்குங்கள். நிமிர்ந்துவிட்டால் சுமை கூடுதல். இறக்கிய பிறகும் கண்ணுக்குத் தெரியும்படி வளைந்தே நின்றால் அந்தச் சட்டத்துக்கு வேலை முடிந்தது; மாற்றுங்கள். தலைகீழாகத் திருப்பி மாட்டி இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம் என்ற யோசனை வரும், அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

"எழுதியிருக்கும் எடைக்குள்தானே வைத்தோம்" என்று பலர் கேட்பார்கள். எழுதியிருக்கும் எடை, தட்டு முழுவதும் சீராகப் பரப்பிய சுமைக்கானது. அதே எடையை நடுவில் ஒரே இடத்தில் வைத்தால் தொய்வு 1.6 மடங்கு ஆகிறது, சட்டத்தை வளைக்கும் விசை இரு மடங்கு ஆகிறது. 200 கிலோ தாங்கும் என்று எழுதிய தட்டில் 200 கிலோ மோட்டார் ஒன்றை நட்டநடுவே வைப்பவர், வளைவைப் பொறுத்தவரை 400 கிலோவைப் பரப்பி வைத்ததற்குச் சமமான வேலையைச் செய்திருக்கிறார். கனமான ஒற்றைப் பொருள் தூணின் பக்கமாக இருக்கட்டும். அதைவிட, தரையில் இருக்கட்டும்.

மரத்துகள் பலகையில் செய்த தட்டுகள் வேறு மாதிரி கெடும். எஃகு, சுமையை இறக்கினால் ஓரளவு மீளும். துகள் பலகை அதே சுமையில் மாதக்கணக்கில் இருந்தால் தானாகவே மேலும் மேலும் தொய்ந்துகொண்டு போகும், மீளாது. ஈரம் பட்டால் ஊதி உதிரும். அது முறிவதற்கு முன்பே இன்னொன்று நடக்கும்: நடுவில் தொய்வதால் பலகையின் இரு நுனிகளும் உள்நோக்கி இழுபடும், ஒரு நுனி தாங்கு கொக்கியிலிருந்து நழுவும், தட்டு ஒரு பக்கமாகச் சரிந்து எல்லாவற்றையும் ஒரே மூலையில் கொட்டும். எனவே நுனியைப் பாருங்கள். கொக்கியின் மேல் பலகை எவ்வளவு தூரம் உட்கார்ந்திருக்கிறது? ஒரு விரல் அகலத்துக்கும் குறைவு என்றால் இன்றே இறக்குங்கள்.

அறிகுறி: தூணில் பள்ளம், வளைவு, பூச்சு உதிர்ந்த கீறல்

ஃபோர்க்லிஃப்டோ பேலட் வண்டியோ இடித்த தடம் இது. தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குள்தான் பெரும்பாலும் இருக்கும், அந்த இடத்தில்தான் தூண் மொத்தச் சுமையையும் சுமக்கிறது. 1 மீட்டர் நீளமுள்ள நேரான அளவுகோலைத் தூணோடு ஒட்டிவைத்து, இடைவெளியை அளக்க வேண்டும். இஎன் 15635 என்ற ஐரோப்பியத் தரநிலையின்படி, குறுக்குச் சட்டம் போகும் திசையில் வளைவு 5 மில்லிமீட்டருக்குள்ளும், அலமாரியின் ஆழத் திசையில் 3 மில்லிமீட்டருக்குள்ளும், தூண்களை இணைக்கும் சாய்வுக் கம்பிகளில் 10 மில்லிமீட்டருக்குள்ளும் இருந்தால் கண்காணித்து வந்தால் போதும். அதைத் தாண்டி இரு மடங்குக்குள் இருந்தால், இறக்கிய சரக்கை மறுபடி ஏற்றாமல் நான்கு வாரத்துக்குள் சரிசெய்ய வேண்டும். இரு மடங்கையும் தாண்டினால் அந்த நேரமே சரக்கை இறக்கிவிட வேண்டும்.

3 மில்லிமீட்டரா, இவ்வளவு சின்ன விஷயமா என்று தோன்றும். வெற்று டின் ஒன்றின் மேல் கவனமாக ஏறி நின்றால் தாங்கும். பக்கவாட்டில் ஒரு விரலால் லேசாக நெளித்தால் அப்படியே நசுங்கும். மெல்லிய எஃகுத் தகட்டை மடித்துச் செய்த தூணும் அதே இனம்தான்.

சுத்தியலால் தட்டி நிமிர்த்தாதீர்கள். பற்றவைக்காதீர்கள். தயாரிப்பாளரின் உதிரிப் பாகத்தை வாங்கி மாற்றுங்கள்.

தூணைப் பார்க்கும்போதே பூட்டுப் பின்களையும் பார்த்துவிடுங்கள். குறுக்குச் சட்டம் தூணோடு சேரும் ஒவ்வொரு முனையிலும் ஒரு சிறு பின் இருக்க வேண்டும். ஃபோர்க்லிஃப்டின் முள்ளோ, தூக்கிய ஏணியோ கீழிருந்து சட்டத்தை முட்டினால் அது துளையிலிருந்து கழன்றுவிடாமல் காப்பது அந்தப் பின்தான்; சுமார் 500 கிலோவுக்கு ஈடான மேல்நோக்கிய விசையை அது தாங்க வேண்டும் என்று தரநிலை எதிர்பார்க்கிறது. தொலைந்துபோன பின்னுக்குப் பதிலாக ஆணியையும் கட்டுக்கம்பியையும் செருகி வைத்திருப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பின் மிகவும் மலிவானது. ஒரு பை வாங்கி அலுவலக மேசையில் வைத்துவிட்டால் அந்த ஆணிகளுக்கு வேலை இருக்காது.

அறிகுறி: கை வைத்தால் அலமாரி முழுவதும் ஆடுகிறது

நெஞ்சு உயரத்தில் உள்ளங்கையை வைத்து மெதுவாக ஒரு தள்ளு, அவ்வளவுதான். பலமாக உலுக்கிப் பார்க்கக் கூடாது. ஆடினால் கீழிருந்து மேலாகத் தேடுங்கள். அடித்தகடு நான்கு மூலையிலும் தரையைத் தொடுகிறதா? தரைப் போல்ட்டுகள் இருக்கின்றனவா, நட்டு இறுகியிருக்கிறதா? சுவரில் பொருத்தியிருந்தால் திருகு எதில் இறங்கியிருக்கிறது, செங்கல்லிலா, வெறும் ஜிப்சம் பலகையிலா? ஜிப்சம் பலகை இழுவிசையைத் தாங்காது.

எல்லாம் சரியாக இருந்தும் மாலையில் மட்டும் ஆடுகிற அலமாரிகள் உண்டு. வாடிக்கையாளர்கள் கைக்கெட்டும் இடத்திலிருந்துதான் எடுக்கிறார்கள். நாள் முழுவதும் நடுத்தட்டும் கீழ்த்தட்டும் காலியாகிக்கொண்டே போக, மேல் தட்டு மட்டும் நிறைந்தபடி இருக்கிறது. காலையில் கால் கனத்து நின்ற அலமாரி, மாலையில் தலை கனத்து நிற்கிறது. கூட்டம் அதிகமாவதும் அந்த நேரத்தில்தான். மதியமே கீழ்த்தட்டுகளை நிரப்புங்கள், அல்லது மேல் தட்டில் எடை குறைந்த சரக்கை மட்டும் வையுங்கள். தரையோடு பொருத்தாத அலமாரி எதுவானாலும் இரண்டையும் செய்யுங்கள்.

அறிகுறி: அட்டைப்பெட்டி அடுக்கு சாய்கிறது, பக்கங்கள் பிதுங்குகின்றன

அட்டைப்பெட்டியின் வலிமையில் பெரும்பகுதி அதன் நான்கு செங்குத்து மூலைகளில் இருக்கிறது. மேல் பெட்டியின் மூலை, கீழ்ப் பெட்டியின் மூலைக்கு நேராக உட்கார்ந்தால் அடுக்கு நிற்கும். கொஞ்சம் விலகினாலே சுமை மெல்லிய பக்கங்களில் இறங்கிப் பிதுக்கும். செங்கல் கட்டுவது போல மாற்றி மாற்றி அடுக்கினால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் என்பது உண்மைதான், ஆனால் மூலைகள் நேராக அமையாததால் தாங்கும் சுமை வெகுவாகக் குறைகிறது. கனமான பெட்டிகளை மூலைக்கு மூலை நேராக அடுக்கிப் பிளாஸ்டிக் தாளால் சுற்றிக் கட்டுவது இரண்டுக்கும் விடை.

ஈரக்காற்று அட்டையைத் தின்றுவிடும். காற்றில் ஈரப்பதம் மிக அதிகமாக இருக்கும் காலத்தில் பெட்டி தன் வலிமையில் பாதியளவை இழக்கக்கூடும். வறண்ட காலத்தில் ஐந்து அடுக்கு நின்றது என்பதை நம்பி மழைக்காலத்திலும் ஐந்து வைக்காதீர்கள்.

சுற்றிய பிளாஸ்டிக் தாளைக் கிழித்து நடுவிலிருந்து ஒரு பெட்டியை மட்டும் உருவியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். கிழிந்த கட்டு மேல் தட்டுக்குத் திரும்பப் போகக் கூடாது. மறுபடி சுற்றுங்கள், அல்லது தரையில் வைத்தே விற்றுத் தீருங்கள்.

அறிகுறி: அடித்தட்டின் விளிம்பில் செருப்புத் தடம்

யாரோ ஏறியிருக்கிறார்கள். மேல் தட்டில் இருந்த ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது, உதவிக்கு ஆள் இல்லை, அல்லது கூப்பிடக் கூச்சம். நுனிக்காலில் நின்று விரல் நுனியால் சுரண்டி இழுப்பவரும் இதே வகை. விரல் நுனிக்கு மட்டும் எட்டும் பொருள் விளிம்பைத் தாண்டி, பாதிக்கு மேல் வெளியே வந்ததும் தானாகவே கவிழும். அந்த நேரத்தில் அவர் முகம் மேல்நோக்கி இருக்கிறது, கைகள் விரிந்திருக்கின்றன, குதிகால் தரையில் இல்லை.

"ஏறாதீர்கள்" என்று ஒட்டிய அறிவிப்பு இதைத் தீர்த்து நான் பார்த்ததில்லை. மேல் தட்டில் இருக்கும் எதற்கும் கீழே, கைக்கெட்டும் இடத்தில் அதே பொருள் இருக்க வேண்டும். கீழே தீர்ந்து மேலே மட்டும் மீதி இருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் ஏறுகிறார்கள். மேல் தட்டை இருப்பு வைக்க மட்டும் பயன்படுத்துவதானால் அங்கே விலைச்சீட்டு ஒட்டாதீர்கள். விலைச்சீட்டைப் பார்ப்பவர் 'எடுத்துக்கொள்ளலாம்' என்றுதான் புரிந்துகொள்வார். ஒவ்வொரு நடைவழியிலும் உதவிக்கு அழைக்க ஒரு மணி வையுங்கள், மணி அடித்தால் ஆள் வர வேண்டும்.

குழந்தைகளுக்குத் தட்டுகள் ஏணிப்படியாகத் தெரியும். பொம்மையையும் இனிப்பையும் மேல் தட்டில் காட்சிக்கு வைப்பது அவர்களை ஏறச் சொல்லி அழைப்பதுதான்.

அறிகுறி: ஊழியர் ஏணியில் தடுமாறுகிறார்

ஏணியில் ஏறுபவர் இரு கால், ஒரு கை என்று மூன்று இடங்களில் ஏணியோடு தொடர்பில் இருக்க வேண்டும். இரு கையாலும் பெட்டியைப் பிடித்தபடி இறங்குபவருக்கு அது எப்படி முடியும்? ஆகவே ஒரு கையில் அடங்காத எதையும் சாய்வு ஏணி வைத்து மேல் தட்டிலிருந்து இறக்கக் கூடாது. அதற்குக் கைப்பிடியும் மேடையும் உள்ள சக்கர ஏணி வேண்டும், கீழே வாங்கிக்கொள்ள இன்னோர் ஆள் வேண்டும். சாய்வு ஏணியை 4 அடி உயரத்துக்கு 1 அடி என்ற கணக்கில் கால் தள்ளி வையுங்கள். அதை அலமாரித் தட்டின் விளிம்பில் சாய்க்காதீர்கள். மடக்கு ஏணியின் உச்சிப் படியில் நிற்காமல் எட்டவில்லை என்றால், ஏணி போதாது என்று பொருள்.

அறிகுறி: மேல் தட்டில் ஈரம், நெடி, ஊதிய டப்பா

கண் உயரத்துக்கு மேல் திரவம் வேண்டாம். கசிந்தால் அது கீழே உள்ள எல்லாவற்றின் மீதும் வடியும், அண்ணாந்து பார்ப்பவரின் கண்ணிலும் விழும். பிளீச்சிங் திரவமும் அமிலக் கழிப்பறைத் திரவமும் ஒரே அலமாரியில் மேலும் கீழுமாக இருந்தால், ஒன்று கசிந்து மற்றொன்றோடு சேரும்போது குளோரின் வாயு கிளம்பும். அது காற்றைவிடக் கனமானது, தரையை ஒட்டித் தங்கும். நெடி வந்தால் எல்லோரையும் வெளியேற்றிக் கதவைத் திறந்து வைத்துத் தீயணைப்புத் துறையை அழையுங்கள். துடைப்பத்தோடு உள்ளே போகாதீர்கள்.

அழுத்த வாயு அடைத்த ஸ்பிரே டப்பாக்களில் 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக விடாதீர்கள் என்று எழுதியிருக்கும். தகரக் கூரைக்கோ, சூடான விளக்குக்கோ அருகிலுள்ள மேல் தட்டு அந்தச் சூட்டை எட்டக்கூடும். கூரையில் தண்ணீர் தெளிக்கும் தீயணைப்புக் குழாய் இருந்தால், அதன் முனைக்கும் சரக்கின் உச்சிக்கும் இடையே குறைந்தது 18 அங்குலம், அதாவது சுமார் 46 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். இல்லையென்றால் தண்ணீர் பரவாமல் சரக்கின் மேலேயே நின்றுவிடும்.

விழுந்துவிட்டது, ஒருவர் அடிபட்டிருக்கிறார்

ஓடும் முன் ஒரு கணம் மேலே பாருங்கள். முதலில் விழுந்தது பக்கத்தில் இருந்ததையும் அசைத்திருக்கும். உதவப் போனவர் இரண்டாவதாக அடிபடக் கூடாது.

தலையிலோ கழுத்திலோ அடிபட்டவரை எழுப்பி உட்கார வைக்காதீர்கள், தண்ணீர் புகட்டாதீர்கள். மேலே இன்னும் ஆபத்து இருந்தால் ஒழிய நகர்த்தாதீர்கள். மயங்கினாலும், அது சில நொடிகளே என்றாலும், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலும், பேச்சு குழறினாலும், கண்பாவைகள் இரண்டும் வெவ்வேறு அளவில் தெரிந்தாலும், காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ ரத்தமோ தெளிந்த நீரோ வந்தாலும், வலிப்பு வந்தாலும் ஆம்புலன்ஸை அழைக்கத் தயங்க வேண்டாம். வயதானவர்களையும், ரத்தம் உறையாதிருக்க மருந்து சாப்பிடுபவர்களையும், "ஒன்றுமில்லை, நான் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று அவர்கள் சொன்னாலும் மருத்துவரிடம் அனுப்புங்கள். மூளையில் ரத்தக்கசிவின் அறிகுறிகள் சில மணி நேரம் கழித்தும் தோன்றலாம். அடிபட்டவர் அடுத்த 24 மணி நேரமாவது தனியாக இருக்கக் கூடாது என்று அவருடன் வந்தவரிடம் சொல்லி அனுப்புங்கள். தனியாக வந்தவர் என்றால் வீட்டாரை அழைத்துச் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகும் இடத்தைக் கூட்டிப் பெருக்க வேண்டாம். விழுந்த பொருள், அது இருந்த தட்டு, அதற்கு நேர் பின்னால் உள்ள தட்டு மூன்றையும் புகைப்படம் எடுங்கள். கடைசியாக அங்கே அடுக்கியவர் யார், எப்போது என்று கேளுங்கள். குற்றம் சாட்டும் குரலில் கேட்டால் உண்மை வராது. பிறகு மேலே உள்ள அறிகுறிகளில் எது பொருந்துகிறது என்று அந்தத் தட்டிலேயே தேடுங்கள். காரணம் கிடைக்கும்வரை அந்தத் தட்டைக் காலியாக வைத்திருங்கள். அதே சரக்கு அதே முறையில் வேறு எந்த நடைவழிகளில் அடுக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பட்டியல் எடுத்து, அவற்றையும் அன்று கடையை மூடுவதற்குள் இறக்குங்கள்.